ஒரே வாடிக்கையாளர், ஒரே பில்: வாவிக்கரைக் கொந்தராத்துக் கம்பனிகளும் வரிக் கணக்கும்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றிய ஊர்களில் கட்டட வேலை மழையைப் பார்த்தே நடக்கிறது. நவம்பரில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் படுவான்கரையின் கிரவல் பாதைகள் சேறாகிவிடும். வாவி நிரம்பும், முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டிய நிலை வரும், கொங்கிறீட் வேலைகள் நிற்கும். அரசாங்கத்தின் பணம் இந்த மழையைப் பார்ப்பதில்லை. அதன் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு பிந்தி வந்தாலும் வேலை டிசம்பர் 31க்குள் முடிந்தாக வேண்டும் என்பதால், மழை உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் வடிகானும் கல்வெட்டும் அவசர அவசரமாகக் கட்டப்படுகின்றன.

வருமான வரிக்கு இன்னொரு நாட்காட்டி உண்டு. மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை. காலாண்டுத் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாட்களில் விழும். மீதியைச் செப்டெம்பர் 30க்குள் கட்டி, நவம்பர் 30க்குள் வரி விபரத்திரட்டைக் கொடுக்க வேண்டும். டிசம்பரில் அவசரமாக முடித்த வேலைக்குக் காசு எப்போது வரும் என்பது திணைக்களத்துக்கே தெரியாதிருக்கலாம். பெப்ரவரி 15 எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்துப் பதினைந்து இடங்களிலிருந்து வேலை வாங்கும் ஒரு நிறுவனம் இந்த இடைவெளியைத் தாண்டிவிடும். ஒரு பில் பிந்தினால் இன்னொன்று கைகொடுக்கும். மட்டக்களப்பின் சிறு கம்பனிகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. மாகாண சபையின் ஏதாவதொரு திணைக்களம், ஒரு பிரதேச சபை, மிஞ்சினால் ஒரு தொண்டு நிறுவனம் என்று இரண்டு மூன்று வாசல்களுக்குள் அவற்றின் ஆண்டு வருமானம் முழுவதும் அடங்கிவிடுகிறது. கணினி வேலை செய்யும் இளைஞர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒரே நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் அவர்களுடைய ‘பிரைவேட் லிமிடட்’ ஓடுகிறது. வாடிக்கையாளர் சிலராக இருப்பது வியாபாரத்துக்கு ஆபத்து என்பதை எவரும் சொல்வார்கள். அதே நிலை வரிச் சட்டத்தின் பல வாசகங்களைத் தனித்தனியாகக் கிளப்பிவிடும் என்பதைக் கம்பனி பதியும்போது யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்தப் பிரதேசத்துக்கு வேலை எப்போதும் அலையலையாகவே வந்திருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்குப் பின் ஒரு மீள்கட்டுமானம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் துடைத்தெடுத்த பின் தொண்டு நிறுவனங்களின் காலம். போர் முடிந்த பின் ஜப்பானிய உதவியுடன் 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலம், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் என்று இன்னொரு காலம். ஒவ்வோர் அலையிலும் வேலை கொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வேலைக்காகப் பிறந்த கம்பனிகளோ பல. நன்கொடையாளர்கள் போன பிறகு அந்தக் கம்பனிகள் மீண்டும் அரச திணைக்களங்களின் விலைமனுப் பலகைக்கே திரும்பின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டது. அதற்கான மீள்கட்டுமானத்தோடு இன்னொரு தொகுதிக் கம்பனிகள் பதியப்படும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே கம்பனி பதிவதன் வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்க இதுவே நேரம்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு பங்குதாரரோடு தனியார் கம்பனியைப் பதியலாம். பதிவு சுலபம், பெயர்ப்பலகை மரியாதை தருகிறது, சில தொண்டு நிறுவனங்கள் தனியாளைவிடக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்யவே விரும்புகின்றன. தனியாளுக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணம் மாதம் 1 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் 5 வீதத்தைக் கழித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பும் முறை 2023 ஜனவரியில் திரும்ப வந்தது. அந்தக் கழிவு கம்பனிக்கு இல்லை. இந்தக் காரணத்துக்காகவே கம்பனி தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த 5 வீதம் இறுதி வரி அல்ல, பின்னர் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய முற்பணம். அதிலிருந்து தப்புவதற்காக இவர்கள் எதற்குள் நுழைகிறார்கள்?

ஒருவருக்கு ஆண்டில் 40 இலட்சம் ரூபா இலாபம் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் பெயரிலேயே தொழில் செய்தால், 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் முதலில் கழியும். மீதி 22 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 வீதம், கடைசி 2 இலட்சத்துக்கு 30 வீதம். மொத்த வரி 3 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. அதே இலாபத்தைக் கம்பனி உழைத்தால் நிவாரணம் எதுவும் கிடையாது. 30 வீதப்படி 12 இலட்சம் போகும். மீதி 28 இலட்சத்தை உரிமையாளர் பங்கிலாபமாக எடுத்தால் அதில் 15 வீதம், அதாவது 4 இலட்சத்து 20 ஆயிரம், கழிக்கப்படும். மொத்தம் 16 இலட்சத்து 20 ஆயிரம். ஒரே வேலை, ஒரே ஆள், ஒரே இலாபம். வரி மட்டும் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இலாபத்தைப் பங்கிலாபமாக எடுக்காமல் பணிப்பாளர் சம்பளமாக எடுத்தால் வரி குறையும் என்பது உண்மை. சம்பளம் கம்பனியின் செலவு. ஆனால் சம்பளம் என்று எழுதியதும் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியர் பங்கு 8, தொழில்கொள்வோர் பங்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் என்ற கேள்வி எழும். மாதாமாதம் பட்டியலும் பதிவும் வேண்டும். நடைமுறையில் நடப்பது இரண்டும் அல்ல. கம்பனிக் கணக்கிலிருந்து பிள்ளையின் ரியூஷனுக்கும் வீட்டுத் திருத்தத்துக்கும் காசு எடுக்கப்படுகிறது, எந்தத் தலைப்பிலும் எழுதப்படுவதில்லை. வரி உத்தியோகத்தர் கணக்கைத் திறந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: இது சம்பளமா, பங்கிலாபமா, கடனா?

கொந்தராத்துக் கம்பனிகளுக்கு எப்போதும் இந்த 30 வீதம் இருக்கவில்லை. நிர்மாண சேவைக்கு 14 வீதச் சலுகை இருந்தது. 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை நீக்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் 30 வீதம். அது எந்த ஆண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மூலதனச் செலவுகளுக்குக் கடிவாளம் விழுந்தது, வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்கள் பாதியில் நின்றன. முந்தைய ஆண்டில் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியது. முடித்த வேலைக்கு அரசிடமிருந்து வரவேண்டிய நிலுவைக்காக நாடு முழுவதும் கொந்தராத்துக்காரர்கள் கையேந்தி நின்ற அதே மாதங்களில்தான் அதே அரசு அவர்களின் வரி வீதத்தை இரட்டிப்பாக்கியது.

நிலுவையில் நிற்கும் பில்லுக்கு வரி உண்டா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை கடுமையானது. கம்பனி தன் வருமானத்தை அட்டுறு அடிப்படையில் கணக்கிட வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து, பில் உறுதிப்படுத்தப்பட்டு, பணம் பெறும் உரிமை பிறந்துவிட்டால் அது வருமானம். காசு கைக்கு வந்ததா என்பது வேறு விடயம். டிசம்பரில் உறுதியான பில் அந்த மதிப்பீட்டாண்டின் வருமானமாகிவிடும். காசு அடுத்த ஒக்டோபரில் வந்தாலும் பெப்ரவரித் தவணையும் மே தவணையும் அதற்காகக் காத்திருக்கா. பிந்திய வரிக்கு மாதம் 1.5 வீத வட்டி ஏறும். வராக்கடன் என்று எழுதிக் கழிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அரசாங்கம் வராக்கடன்காரர் அல்ல, பிந்தித் தருபவர். பிந்திய கொடுப்பனவுக்கு வட்டி கேட்கும் வாசகம் பல அரச ஒப்பந்தங்களில் இருந்தாலும் அதை நீட்டிக் கேட்கும் துணிவு சிறு கொந்தராத்துக்காரருக்கு வருவதில்லை. அடுத்த விலைமனுவும் அதே மேசைக்குத்தான் போக வேண்டும்.

இதன் கசப்பான முனை இன்னொன்று. வரி நிலுவை உள்ளவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய மூன்றாம் தரப்பிடமிருந்து நேரே அறவிடும் அதிகாரம் இறைவரித் திணைக்களத்துக்கு உண்டு. இருபது வாடிக்கையாளர் உள்ள கம்பனிக்கு அப்படியொரு அறிவித்தல் ஒரு தலைவலி. ஒரே வாடிக்கையாளர் உள்ள கம்பனிக்கோ அது வருமானம் முழுவதும் ஒரே நாளில் அடைபடுவது. பெயரும் அந்த ஒரே இடத்தில்தான் கெடும்.

பெறுமதி சேர் வரியிலும் இதே கதைதான். 2022 மே மாதம் 8 வீதமாக இருந்த வற் வரி ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. பதிவு எல்லை எதிர்த்திசையில் இறங்கியது: ஆண்டுக்கு 300 மில்லியன் ரூபாவிலிருந்து 80 மில்லியனாகவும், 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும். 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் அதை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது காலாண்டு எல்லை. ஆண்டுக்கு 60 மில்லியன் என்பது ஒரு காலாண்டுக்கு 15 மில்லியன். வழமையாகச் சின்னச் சின்ன வேலை செய்யும் கம்பனிக்கு ஒரே ஒரு பெரிய பாடசாலைக் கட்டட ஒப்பந்தம் கிடைத்து, இரண்டு பில்கள் ஒரே காலாண்டில் விழுந்தால் எல்லை தாண்டிவிடும். விலைமனுவில் 18 வீதத்தைச் சேர்க்காதவர் அதைத் தன் இலாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். நிர்மாண வேலையில் 18 வீத இலாபம் யாருக்குக் கிடைக்கிறது? இதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம் இருக்கிறது. அதை எங்கும் ஈடுசெய்து கொள்ளவும் முடியாது.

இதுவரை சொன்னது கட்டட வேலை. சேவைத் துறையில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆண்டுக்கணக்காக வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவரிடம், நிதி குறைந்துவிட்டது, இனி ஆலோசகராக வந்து பில் தாருங்கள் என்று சொல்லப்படுகிறது. அவர் ஒரு கம்பனி பதிகிறார். மேசை அதே மேசை, நேரம் அதே நேரம், மேலதிகாரியும் அதே ஆள். இப்போது அவர் ஊழியரா, ஒப்பந்தகாரரா?

உலகின் பல வரி நிர்வாகங்கள் கால் நூற்றாண்டாக மல்லுக்கட்டும் கேள்வி இது. பிரித்தானியா 2000 ஏப்ரலில் ‘ஐஆர்35’ என்று அறியப்படும் விதியைக் கொண்டுவந்தது. கம்பனி என்ற திரையை நீக்கிப் பார்த்தால் வேலை செய்பவர் ஊழியர் போலவே தெரிகிறார் என்றால் ஊழியருக்குரிய வரி. தொலைக்காட்சி அறிவிப்பாளர் கிறிஸ்டா அக்ரொய்ட் தன் கம்பனி வழியாகப் பிபிசியோடு ஏழாண்டு ஒப்பந்தம் செய்திருந்தார். அவரது வேலையை இறுதியில் கட்டுப்படுத்தும் அதிகாரம் பிபிசியிடமே இருந்தது என்று கண்ட தீர்ப்பாயம் 2018இல் அவருக்கு எதிராகத் தீர்த்தது. விடயம் ஏறத்தாழ 4 இலட்சத்து 19 ஆயிரம் பவுண். அடுத்த ஆண்டு லொரெய்ன் கெல்லி, ஐடிவி தொலைக்காட்சி தொடர்பான 1.2 மில்லியன் பவுண் வழக்கில் வென்றார். நிகழ்ச்சியைத் தன் விருப்பப்படி நடத்தியதும், வெளி வேலைகளை எடுக்கும் சுதந்திரம் இருந்ததும் அவருக்குக் கைகொடுத்தன. இரண்டு பெண்கள், ஒரே துறை, ஒரே சட்டம், இரண்டு தீர்ப்பு. பிறகு இந்த முடிவை எடுக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவர் மீது சுமத்தப்பட்டது. அரச துறையில் 2017 முதல், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கு 2021 முதல். அரசே அந்தப் பரீட்சையில் தவறியது. வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களம் தன் ஒப்பந்தகாரர்களைத் தவறாக வகைப்படுத்தியதற்காக 87.9 மில்லியன் பவுண் கட்ட நேர்ந்தது.

மட்டக்களப்பிலிருந்து போனவர்கள் நிறையப் பேர் வாழும் கனடாவில் விதி இன்னும் பழையது, 1981ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தோடு வந்தது. கம்பனி இல்லாவிட்டால் அந்த ஆள் வாடிக்கையாளரின் ஊழியராகவே கருதப்படுவார் என்றால், கம்பனி சிறு தொழிலுக்குரிய சலுகையை இழக்கும். ஒன்ராறியோவில் 12.2 வீதம் கட்ட வேண்டிய கம்பனி 44.5 வீதம் கட்டும். சம்பளத்தைத் தவிரப் பெரும்பாலான செலவுகளும் கழிபடா. பாரவூர்தி ஓட்டுநர்கள் பலர் ஒரே போக்குவரத்து நிறுவனத்துக்காகத் தங்கள் பெயரில் கம்பனி பதிந்து ஓட்டி, இந்த விதிக்குள் சிக்கினார்கள். அவுஸ்திரேலியா எண்ணையே எழுதிவைத்தது. தன் உழைப்பால் வரும் வருமானத்தில் 80 வீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் கூடுதல் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இப்படியொரு தனி விதி எழுதப்படவில்லை. அதனால் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. வரியைத் தவிர்ப்பதற்காக மட்டும் செய்யப்பட்ட ஏற்பாடுகளைப் புறந்தள்ளும் பொது அதிகாரம் ஆணையாளர் நாயகத்துக்கு இருக்கிறது. தொழிற் சட்டத்திலோ, யாருடைய கட்டுப்பாட்டில் வேலை நடக்கிறது, தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாமா, கருவி யாருடையது, நட்டம் யாருக்கு என்று ஆங்கிலேயச் சட்டம் கேட்ட கேள்விகளையே நமது நீதிமன்றங்களும் கேட்டு வந்திருக்கின்றன. எழுதப்படாத விதி எழுதப்பட்ட விதியைவிடச் சிறு மனிதருக்குக் கெடுதலானது என்றே சொல்ல வேண்டும். 80 வீதம் என்று எழுதியிருந்தால் 79 எங்கே முடிகிறது என்று பார்த்து நடக்கலாம்.

இந்தக் கேள்வி வாவிக்கரைக் கொந்தராத்துக்காரரை இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே பார்த்தால் அவர் ஒரு திணைக்களத்தைச் சார்ந்திருப்பவர். கீழே பார்த்தால் அவரை மட்டுமே சார்ந்து மேசன்மாரும் கூலியாட்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சப்-கொந்தராத்து என்று எழுதி நாட்சம்பளம் கொடுக்கிறார். சீமெந்தும் மணலும் இவருடையது, காலை ஏழரைக்கு வரச்சொல்வது இவர், வேலையை நிறுத்தச் சொல்வதும் இவர். தொழில் திணைக்களம் அவர்களை ஊழியர் என்று முடிவு செய்தால் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சேமலாப நிதி நிலுவையும், தாமதத்தைப் பொறுத்து 50 வீதம் வரை மிகைக்கட்டணமும் வரும். கூலியாட்களின் முதுமைக்கான காசு அது என்பதால் இதில் கொந்தராத்துக்காரர் பக்கம் நிற்க முடியாது. ரசீதில்லாமல் கொடுத்த கூலியை வருமான வரியில் செலவாகக் காட்டுவதும் கடினம். ஆக, ஒளித்த சம்பளத்துக்கு அவரே 30 வீத வரியும் கட்டுகிறார்.

வெளிநாட்டு வேலை செய்யும் இளைஞர்களுக்குச் சலுகை ஒன்று இருக்கிறது. இலங்கைக்கு வெளியே பயன்படும் சேவையை வெளிநாட்டவருக்குச் செய்து, வெளிநாட்டு நாணயத்தில் பெற்று, வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவந்தால் 2025 ஏப்ரல் முதல் உச்ச வரி 15 வீதம். அதற்கு முன் வரியே இருக்கவில்லை. ஆண்டுக்கு 50 இலட்சம் உழைக்கும் தனியாள் நிவாரணமும் 6 வீதப் படியும் போக 3 இலட்சத்து 90 ஆயிரம் கட்டுவார். அதைக் கம்பனி உழைத்தால் 7 இலட்சத்து 50 ஆயிரம். வங்கி வழி என்ற நிபந்தனைதான் இங்கே கத்தி. வாடிக்கையாளர் பெரும்பாலும் உறவினர், அல்லது உறவினரின் நண்பர். பணம் உண்டியலில் வருகிறது, அல்லது மாமாவின் தனிப்பட்ட கணக்குக்குப் போய்ச் சுற்றி வருகிறது. அப்படி வந்த பணத்துக்கு 15 வீதச் சலுகையைக் கோர முடியாது. வாடிக்கையாளர் பலராக இருந்தால் ஒருவரின் குழப்பம் ஒருவரோடு போகும். ஒருவரே என்றால் ஆண்டு வருமானம் முழுவதும் சலுகையை இழந்துவிடும்.

இவற்றில் பலவற்றைக் கொந்தராத்துக்காரர் தானே சரிசெய்யலாம். தவணை வரியை மதிப்பிட்டுக் கட்டும் கூற்று ஆகஸ்ட் 15க்குள் கொடுப்பது, ஆண்டிடையே நிலைமை மாறினால் திருத்தக்கூடியது. அதை வெறும் படிவமாகக் கணக்காளரிடம் விட்டுவிடாமல், எந்தப் பில் எப்போது உறுதியாகும் என்று அவரோடு இருந்து பேசி நிரப்ப வேண்டும். கம்பனிக்கும் வீட்டுக்கும் இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். மேசன்மாரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் ஒரு கொப்பியில் நாள்தோறும் ஏற வேண்டும். இயந்திரம் வாங்கவும் தொழிலை விரிக்கவும் இலாபத்தை உள்ளேயே வைத்திருக்கும் எண்ணமுள்ளவருக்குக் கம்பனி பொருந்தும். இலாபம் முழுவதும் வீட்டுச் செலவுக்கே போகும் நிலையில் இருப்பவர் தன் பெயரிலேயே தொழிலைப் பதிவு செய்து நடத்துவது நல்லது. வங்கிக் கடனுக்குச் சொந்த வீட்டைப் பிணை வைத்தவருக்குக் கம்பனியின் வரையறுத்த பொறுப்பு தரும் பாதுகாப்பும் பெரிதல்ல.

மற்றதை அரசுதான் செய்ய வேண்டும். ஒரு திணைக்களம் உறுதிப்படுத்தி வைத்துக்கொண்டு பணம் தராத பில்லின் மீது இன்னொரு திணைக்களம் வரியும் வட்டியும் கேட்பது நியாயமல்ல. உறுதிப்படுத்திய அரச நிலுவை இருக்கும் அளவுக்கு, அந்தக் கம்பனியின் தவணை வரியைப் பணம் கிடைக்கும் நாள்வரை ஒத்திவைக்கும் ஏற்பாடு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். கடன்பட்டவரும் வரி கேட்பவரும் ஒருவரே என்பதால் இதில் அரசுக்கு நட்டம் எதுவும் இல்லை. கிழக்கு மாகாணத்தின் கொந்தராத்துக்காரர் சங்கங்களும் வர்த்தக சம்மேளனங்களும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் இந்த ஒரு கோரிக்கையையாவது எழுத்தில் நிதியமைச்சுக்குக் கொடுக்க வேண்டும்.